இறுக்கிய கைக்குக் கேளாது

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய மார்கழி மாதம். கொழும்பில் கணினித்துறையில் பணிபுரியும் என் தங்கை மகன், மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்திருந்தான். வந்தது புதிய காரில். புதியது என்றால் அவனுக்குப் புதியது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறிக்கொண்டிருந்தன. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். அவன் வாங்கியது பத்தாண்டுகள் ஓடிய ஒரு ஜெர்மானிய செடான். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வேகத்துக்கும் வளைவுகளுக்கும் பெயர்போன இனத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

"மாமா, நீங்கள் ஒருக்கா ஓடிப் பாருங்கோ" என்று சாவியை என் கையில் வைத்தான்.

உட்துறைமுக வீதியால் மெல்ல இறங்கினேன். இடப்புறம் துறைமுகம் மாரி மேகத்தின் கீழ் ஈயத்தகடு போலக் கிடந்தது. நகரின் புள்ளிமான்கள் இரண்டு வழக்கம்போல நடுவீதியில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவசரமின்றி விலகிக்கொண்டன. அனுராதபுரச் சந்தி கடந்து பாலையூற்றுப் பக்கமாகச் சென்று, சீனன்குடா வரை ஓடித் திரும்பினேன். எஞ்சினில் குறையில்லை. இருக்கை அருமை. பிரேக் தொட்டவுடன் பிடித்தது. மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் போய்வரும் பார லொறிகள் ஆண்டுக்கணக்காக அமுக்கி அலையலையாக்கிய வீதிப்பகுதிகள் அங்கே உண்டு. அவற்றின் மேல் கார் சென்றதை என் முதுகு அறிந்தது, காது அறிந்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் இரு கைகளுக்கும் எதுவும் தெரியவில்லை.

அதைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, கியர்த்தண்டின் அருகில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தினான். "இப்ப பாருங்கோ. ஸ்போர்ட்." ஸ்டியரிங் உடனே கனத்தது. திருப்புவதற்குச் சற்றுக் கூடுதலான வலு வேண்டியிருந்தது. மற்றபடி முன்பு எது தெரியவில்லையோ அது இப்போதும் தெரியவில்லை. முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் கிடந்தவன் ஆகையால் எனக்கு ஓர் ஒப்புமை உடனே தோன்றியது. தலைப்பின் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கனமாகத் தெரியும். செய்தி ஒரு வரிகூடக் கூடிவிடாது.

*

நான் கலைப்பட்டதாரி. இயந்திரவியல் படித்தவன் அல்லன். எனக்குத் தெரிந்த இயந்திரவியல் எல்லாம் தந்தையாரிடமும், கராஜில் பாஸ்மாரிடமும், பின்னர் புத்தகங்களிலும் கற்றவைதான். அதனால் அன்று மாலை முழுவதும் என் மனத்தில் ஓடியது தந்தையாரின் மொரிஸ் மைனர்.

தந்தையார் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் வைத்திருந்த அந்தக் கார், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் அவரே. மொரிஸ் மைனரின் பெருமைகளுள் ஒன்று அதன் ஸ்டியரிங். வளையத்தின் தண்டு முனையில் ஒரு சிறு பற்சக்கரம்; அது நீளமான ஒரு பற்சட்டத்தில் பொருந்தியிருக்கும்; சட்டம் இடமும் வலமும் நகர, சில்லுகள் திரும்பும். இடையில் எண்ணெயும் இல்லை, மோட்டரும் இல்லை. சில்லின் கீழ் ஒரு கல் அகப்பட்டால் அது கையில் வந்து தட்டும்.

1980களின் கடைசியில் அதில்தான் நான் ஓடப் பழகினேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி, டச்சுக்குடாவை ஒட்டிய மணல் படிந்த வீதி, இவையே எனது பள்ளிக்கூடம். பயத்தில் நான் வளையத்தை நெரித்துப் பிடிப்பேன். தந்தையார் அருகிலிருந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"கையை இறுக்காதே. இறுக்கின கைக்கு ஒண்டும் கேக்காது."

பெருவிரலை வளையத்துக்குள் கொளுவக் கூடாது என்பார். பள்ளத்தில் விழுந்தால் வளையம் உதறி விரலை முறித்துவிடும். விரல்களை வளையத்தின் மேல் வைத்து, உள்ளங்கையைத் தளர்த்தி, வீதி சொல்வதைக் கேட்கச் சொல்வார். சில நாட்களில் எனக்கும் கேட்கத் தொடங்கியது. தார் வேறு, கிறவல் வேறு, மணல் வேறு. மணலில் ஏறியதும் வளையம் தளர்ந்து மிதப்பது போலாகும். ஈரத் தாரில் ஒரு வழுவழுப்பு வரும். வீதியின் ஓரத்தில் தார் உடைந்த விளிம்பை இடது முன்சில்லு தொட்டதென்றால் கண்ணுக்கு முன் கை அறிந்துவிடும்.

அந்த அறிவின் பெறுமதி எனக்குப் புரிந்தது இரவுகளில். சோதனைச் சாவடியை அணுகும்போது முன்விளக்கை அணைத்துவிட வேண்டும். உள்விளக்கை எரியவிட வேண்டும். உள்ளே இருப்பவர்களைச் சிப்பாய் காண வேண்டும். அவரது கண் கூசக் கூடாது. அந்தக் காலத்தில் வாகனம் ஓடிய எவருக்கும் இது நினைவிருக்கும். வெளிச்சத்தில் நாம் இருப்போம். வீதி முழு இருளில் இருக்கும். முன்னால் எங்கோ தார்ப்பீப்பாய்கள் வளைந்து வளைந்து செல்லும்படி அடுக்கப்பட்டிருக்கும். அந்த ஐம்பது யாரையும் தந்தையார் கைகளால்தான் கடப்பார். வீதியின் விளிம்பு எங்கே, மேடு எங்கே என்பதை வளையம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். சாவடியில் வாகனம் தடுமாறினால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்படக்கூடிய காலம் அது.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது நாங்கள் ஊர்விட்டுப் போனோம். கார் கொட்டிலில் நின்றது. திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, காரும் இல்லை. தந்தையார் அதைப் பற்றிப் பின்னர் பேசியதே இல்லை.

*

நான் சொந்தமாக வாங்கிய முதற்கார், ஜப்பானில் ஓடி இங்கே வந்த ஒரு மிற்சுபிசி லான்சர். பவர் ஸ்டியரிங் என்பதை முதன்முதலில் அதில்தான் கையாண்டேன். ஆரம்பத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இத்தனை இலகுவாகத் திரும்பும் ஒன்று வீதியைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகை. உதவியும் செய்தது, சொல்லவும் செய்தது.

2003ஆம் ஆண்டு மார்கழியில், கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். போர்நிறுத்தக் காலம், வீதிகள் திறந்திருந்தன. மனைவி அருகில், மகள் பின்னிருக்கையில் உறக்கம். ஹபரணை தாண்டிக் கந்தளாயை நோக்கி வருகையில் மழை பிடித்துக்கொண்டது. ஓர் இடது வளைவில் நுழைந்தேன். வளைவின் பாதியில், கையிலிருந்த கனம் மெல்ல இறங்கியது. யாரோ மறுமுனையில் பிடித்திருந்த கயிற்றைச் சற்றுத் தளர்த்தியது போல. கார் இன்னும் சறுக்கவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கால் தானாகவே அக்சிலேட்டரிலிருந்து மெதுவாக எழுந்துவிட்டது. கனம் திரும்பி வந்தது. வளைவின் முடிவில் வீதியை அடைத்துக்கொண்டு எருமைக் கூட்டமொன்று நின்றது. நிறுத்துவதற்கு இடம் இருந்தது, அவ்வளவுதான் இருந்தது.

மனைவிக்கு அன்று நடந்தது எதுவும் தெரியாது. எருமைகளைக் கண்டு மகளை எழுப்பினாள்.

அந்தக் கனம் ஏன் இறங்கியது என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். ஓடும் கார் ஒன்று திரும்பும்போது, டயர் நிலத்தைத் தொடும் பரப்பில் பக்கவாட்டு விசை சரியாக நடுவில் பிறப்பதில்லை. சற்றுப் பின்னால் பிறக்கிறது. ஆகவே சில்லு எப்போதும் தன்னை நேராக்கிக்கொள்ள முனைகிறது. கையில் நாம் உணரும் எதிர்ப்பின் ஒரு பங்கு இதுதான். பிடியின் எல்லையை டயர் நெருங்கும்போது, அந்த விசை பிறக்கும் இடம் முன்னோக்கி நகர்கிறது. நேராகும் முனைப்புக் குறைகிறது. பிடி முற்றாக விடுபடுவதற்கு முன்பே இது நிகழ்ந்துவிடுகிறது என்பதே முக்கியமானது. கவனிக்கும் கைக்கு ஒரு கணம் முன்கூட்டியே செய்தி வந்து சேருகிறது. ஒரு செய்தியாளனுக்கு அந்த ஒரு கணத்தின் விலை தெரியும்.

*

பவர் ஸ்டியரிங்கின் கதை கப்பலில் தொடங்குகிறது. துறைமுகத்துக்காரனாகிய எனக்கு இதில் ஒரு திருப்தி. 1860களில், அக்காலத்தின் மிகப் பெரிய கப்பலான 'கிரேட் ஈஸ்ட்டர்ன்' கப்பலின் சுக்கானை மனிதக் கைகளால் திருப்ப இயலாமல், நீராவியால் திருப்பும் பொறி பொருத்தப்பட்டது. இன்றும் எங்கள் குடாவில் வெளியிணை இயந்திரம் பூட்டிய சிறு படகில் போகும் மீனவர், இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கையால் நீரோட்டத்தை அறிகிறார். பெரிய கப்பலின் சுக்கானிக்கு அது கிடைக்காது. சுக்கான் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அவருக்கு ஒரு முள் காட்ட வேண்டும்.

கார்களுக்கு இது வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. விற்பனைக்கு வந்த கார்களில் முதலில் எண்ணெய் அழுத்த ஸ்டியரிங் பெற்றது 1951ஆம் ஆண்டின் கிறைஸ்லர் இம்பீரியல். அதன் வேலைமுறை எளியது. எஞ்சின் ஒரு பட்டியால் பம்பைச் சுழற்றும். ஸ்டியரிங் தண்டின் நடுவில் முறுகக்கூடிய மெல்லிய எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். நாம் வளையத்தைத் திருப்ப, அது சற்றே முறுகும். அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறக்க, எண்ணெய் பாய்ந்து பற்சட்டத்தைத் தள்ளிக் கொடுக்கும். வீதியிலிருந்து வரும் விசையும் அதே தண்டை முறுக்குவதால், உதவிக்கு நடுவேயும் வீதியின் குரல் கைக்கு வந்துகொண்டிருக்கும்.

மின்சார ஸ்டியரிங்கிலும் அந்த எஃகுத் தண்டு உண்டு. ஆனால் அதன் முறுக்கை வால்வு அல்ல, ஓர் உணரி அளக்கிறது. கணினி அந்த அளவையும் காரின் வேகத்தையும் பார்த்து, எவ்வளவு உதவ வேண்டும் என்று கணக்கிட்டு மோட்டரை இயக்குகிறது. மோட்டருக்குச் சொந்த எடை உண்டு. அதை வளையத்தோடு இணைக்கும் பல்லிணைப்புக்கு உராய்வு உண்டு. வீதியின் நுண்ணிய அதிர்வுகள் அவற்றைத் தாண்டி மேலே வருவதற்குள் தேய்ந்துவிடும். எஞ்சியவற்றிலும் சிலவற்றை, சாரதிக்குத் தொந்தரவு என்று கருதி, கணினியே அமர்த்திவிடும். ஸ்போர்ட் பொத்தான் மாற்றுவது இந்த உதவியின் அளவை. உதவி குறைய, வளையம் கனக்கிறது. தேய்ந்துபோன செய்தி அதனால் திரும்பி வந்துவிடுவதில்லை.

இந்த மாற்றம் சதியும் அல்ல, சோம்பலும் அல்ல. எண்ணெய்ப் பம்ப், கார் நேராக ஓடும்போதும் எஞ்சினின் வலுவைத் தின்றுகொண்டேயிருக்கும். மின்மோட்டரோ திருப்பும்போது மட்டுமே உண்ணும். எரிபொருளில் சில சதவீதம் மிச்சமாகிறது. 1988இல் சுசுகி நிறுவனத்தின் 'செர்வோ' என்ற சின்னஞ்சிறு காரில் இது அறிமுகமானது. 1990இல் வந்த ஹொண்டா என்எஸ்எக்ஸ் என்ற பந்தயத்தரக் காரின் தானியங்கிக் கியர் வகைக்கும் கொடுக்கப்பட்டது. எஞ்சின் அணைந்தும் ஓடக்கூடிய டொயோட்டா பிரியஸ் 1997இல் வந்தபோது, எஞ்சினால் சுழலும் பம்ப் அங்கே பொருந்தவே இல்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம், புதிய கார்கள் கிலோமீற்றருக்கு வெளிவிடும் கரியமில வாயுவின் சராசரியை 2015க்குள் 130 கிராமாக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. ஒவ்வொரு கிராமையும் எண்ணத் தொடங்கிய நிறுவனங்களுக்கு எண்ணெய்ப் பம்ப் சுமையாகிவிட்டது. தானாக நிறுத்தும் வசதியும், கோட்டைவிட்டு விலகினால் திருத்தும் வசதியும் மின்மோட்டர் இருந்தால்தான் எளிது.

2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்று, பின்னர் கியூஆர் அட்டையைக் காட்டி லீற்றர் கணக்கில் வாங்கியவர்கள் நாங்கள். சில சதவீதம் மிச்சம் என்பதை நாங்கள் ஏளனம் செய்ய முடியாது.

*

மருமகன் வந்த மூன்றாம் நாள், மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், எல்லோரும் நிலாவெளிக்குப் புறப்பட்டோம். அவன் ஓடினான். நான் அருகில் இருந்தேன். உப்புவெளி தாண்டியதும் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. எழுபது கிலோமீற்றர் வேகம் இருக்கும். வீதி சற்றே தாழ்ந்த ஓரிடத்தில் மழைத்தண்ணீர் மெல்லிய கண்ணாடி விரித்தது போல் நின்றது. தொலைவிலிருந்து பார்த்தால் ஈரத் தார் போலவே இருந்தது.

கார் அதில் ஏறியதும் சில்லுகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. அவன் வளையத்தை இடப்புறம் திருப்பினான். கார் நேராகப் போயிற்று. இன்னும் திருப்பினான். அப்போதும் நேராகத்தான் போயிற்று. பிறகு தண்ணீர் முடிந்து டயர்கள் தாரைப் பற்றின. அவன் திருப்பி வைத்திருந்த கோணத்துக்குக் கார் ஒரேயடியாக இடப்புறம் பாய முனைந்தது. கருவிப்பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று படபடத்தது. ஏதோ ஒரு சில்லை மட்டும் கார் தானே பிரேக் பிடித்தது. ஒரு மதகின் கட்டைச் சுவருக்கு இரண்டு பாகம் முன்னால், வீதியோரத்தில் சாய்வாக நின்றோம்.

பின்னிருக்கையில் குழந்தை அழவில்லை. அதற்கு விளையாட்டாகத் தோன்றியிருக்க வேண்டும். அவன் மனைவி மட்டும் குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

சிறிது நேரம் கழித்து அவன் சொன்னான். "கையில ஒண்டுமே தெரியேல்ல, மாமா."

"முதல்ல இறங்கி டயரைப் பார்ப்பம்" என்றேன்.

முன்சில்லுகளின் டயர்கள் தேய்ந்திருந்தன. பள்ளங்களுக்கிடையே குறுக்காக ஒரு சிறு மேடு இருக்கும், டயர் 1.6 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தேய்ந்தால் அது மேற்பரப்போடு சமமாகிவிடும். இவற்றில் ஏறத்தாழச் சமமாகியிருந்தது. தண்ணீரை வாரி வெளியே தள்ள அந்தப் பள்ளங்களே வழி. வழி அடைபட்டால் டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும். எந்தக் காரும் அப்படித்தான். மொரிஸ் மைனரும் மிதந்திருக்கும், லான்சரும் மிதந்திருக்கும். மிதக்கும்போது எல்லா ஸ்டியரிங்கும் இலேசாகும். ஆனால் முன்னமே இலேசாக இருக்கும் ஒரு வளையம் இன்னும் இலேசானதை யார் அறிவார்? அறிந்திருந்தால் அவன் மேலும் திருப்பியிருக்கமாட்டான். திருப்பாமல் வைத்திருந்தால், தார் பற்றியபோது கார் பாய்ந்திருக்காது.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களைக் காப்பாற்றியது அந்த மஞ்சள் விளக்கின் பின்னால் இருந்த கணினி. சறுக்கலை உணர்ந்து தனிச்சில்லுக்குப் பிரேக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை 1995இல் மெர்சிடிஸ் முதலில் கொண்டுவந்தது. என் லான்சரில் அது கிடையாது. 2003இல் என் கைகள் அன்று சோர்ந்திருந்தால், எருமைகளுக்கு முன்னால் என்னைக் காப்பாற்ற வேறெதுவும் இருந்திருக்காது. செய்தி வராத குறையைப் புதிய கார் வேறொரு விதத்தில் ஈடுசெய்கிறது. ஆனால் அது செயற்படுவது தவறு நடந்த பின்னர். தவறுக்கு முன்னே நம்மை மெதுவாக்க வேண்டியது வேறொன்று.

*

எல்லா மின்சார ஸ்டியரிங்கும் ஊமை என்று சொல்லிவிட முடியாது. 2012 அளவில் பிஎம்டபிள்யூ 3 வரிசையின் புதிய தலைமுறை மின்சார ஸ்டியரிங்குக்கு மாறியபோதும், அதற்குச் சற்று முன்பு 2011இல் போர்ஷே 911 மாறியபோதும், உலகெங்கும் வாகன இதழ்களில் எழுந்த முறைப்பாடு பலருக்கு நினைவிருக்கும். 2014இல் எம்3 செடானும் அவ்வழியே சென்றது. அதே காலத்தில் சுபாரு ஒரு விநோதம் செய்தது. தன் டபிள்யூஆர்எக்ஸ் செடானுக்கு மின்சார ஸ்டியரிங் கொடுத்துவிட்டு, அதன் மூத்த உடன்பிறப்பான எஸ்டிஐக்கு எண்ணெய் ஸ்டியரிங்கை அப்படியே வைத்திருந்தது. வேகப்பிரியர்களுக்கு எது வேண்டும் என்பதை அந்நிறுவனம் அறிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பின்னர் பொறியியலாளர்கள் கற்றுக்கொண்டார்கள். மோட்டரை வளையத்தின் தண்டில் ஏற்றாமல், கீழே பற்சட்டத்தின் பக்கத்தில் வைத்தால் கைக்கும் சில்லுக்கும் இடையே தடை குறைகிறது. உராய்வைக் குறைக்கலாம். கணினி எதை அமர்த்துவது, எதை விடுவது என்பதைப் பொறுமையாகச் செப்பனிடலாம். அல்பா ரோமியோவின் ஜூலியா செடான் வந்தபோது, மின்சாரமாயிருந்தும் அதன் ஸ்டியரிங்கை எழுதியவர்கள் பலர் பாராட்டினார்கள். ஆக, குற்றம் மின்சாரத்தின் மேல் இல்லை. சாரதிக்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று இடையில் இருப்பவர் எடுக்கும் முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. செய்தியறையில் நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். வாசகருக்குக் கலக்கம் தரும் என்று கருதி நான் வெட்டிய வரிகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றிரண்டு அவருக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

இவ்வளவும் எழுதிவிட்டு, நான் இன்று எதை ஓடுகிறேன் என்பதைச் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

2022இன் டொலர் நெருக்கடிக் காலத்தில் என் லான்சரின் ஸ்டியரிங் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. உதிரிப்பாகம் தேடி அலைந்தேன். "ஐயா, பார்ட்ஸ் வராது, வந்தாலும் உங்கட காரின்ர விலை சொல்லுவாங்கள்" என்றார் பாஸ். உதவியில்லாமலே சில மாதங்கள் ஓடினேன். உதவி செத்துப்போன எண்ணெய் ஸ்டியரிங், உதவியே இல்லாமல் பிறந்த மொரிஸ் மைனரின் ஸ்டியரிங்கை விடக் கனமானது. தேங்கிய எண்ணெயையும் சேர்த்து நாம் தள்ள வேண்டும். காரும் பாரம், டயரும் அகலம். அந்த ஆண்டின் இறுதியில் என் வலது தோள் இறுகிவிட்டது. நீரிழிவுக்காரருக்கு இது எளிதில் வரும் என்றார் மருத்துவர். சட்டை போடவே கை உயரவில்லை. வளையத்தைப் பாதிச் சுற்றுத் திருப்ப முடியாதவன் கார் வைத்திருந்து என்ன?

லான்சரை விற்றேன். இப்போது என்னிடம் இருப்பது ஒரு சிறிய ஜப்பானியக் கார். மோட்டர் வளையத்தின் தண்டிலேயே இருக்கும் மின்சார ஸ்டியரிங். ஒரு விரலால் திருப்பலாம். மத்திய வீதியின் நெரிசலில் வலியில்லாமல் காரைத் திருப்பி நிறுத்துகிறேன். தோள் ஓரளவு குணமாகிவிட்டது. ஆனாலும் அந்த இலகுவை இனி நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். வீதியைப் பற்றி அது எனக்கு அதிகம் சொல்வதில்லை. எனக்குத் தெரிவது குறைவு என்பதை நான் அறிவேன். அதனால் மழையில் ஐம்பதுக்கு மேல் போவதில்லை. டயர் ஆழத்தை மாதம் ஒருமுறை பார்க்கிறேன். காற்றை இரு வாரத்துக்கு ஒருமுறை. கை தந்த அறிவை இப்படித்தான் ஈடுசெய்கிறேன்.

மருமகனிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான். அவன் காரை விற்கச் சொல்லவில்லை. நான்கு டயரையும் மாற்றச் சொன்னேன். மாரியில் இரவில் கந்தளாய் வீதியால் வரவேண்டாம் என்றேன். யானையும் வரும், எருமையும் வரும், கை எதையும் சொல்லாது. நல்ல பிள்ளை, டயரை மறுநாளே மாற்றினான்.

சென்ற ஆண்டு வந்தபோது, அவனை ஒரு காலையில் கோட்டைக்குள் அழைத்துச் சென்றேன். கோயிலுக்கு ஏறும் அந்தப் பழைய வீதியில், மான்களுக்கு வழிவிட்டு மெல்ல ஓடினான். இரு கைகளும் வளையத்தை நெரித்தபடி இருந்தன. நிலாவெளிக்குப் பிறகு அவனுக்கு அது பழக்கமாகியிருந்தது. தந்தையார் சொன்னதைச் சொன்னேன். அவன் சிரித்தான். பிறகு உள்ளங்கைகளைத் தளர்த்தினான். அரைமைல் போயிருப்போம், தார் முடிந்து கல்பாவிய பகுதி வந்தது.

"கொஞ்சம் கேக்குது, மாமா" என்றான்.

கொஞ்சம்தான் கேட்கும். அதற்கேற்ற வேகத்தில் போகச் சொன்னேன்.